அளவு சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி பகுதிகளிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் தாய்மார்கள், இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கின்றனர். "டி.எஸ்.எச். கூடியிருக்கிறதே, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா?" என்பது முதற்கேள்வி. சில மாதங்கள் மாத்திரை உண்டபின், "அளவு சரியாகிவிட்டதே, நிறுத்திவிடலாமா?" என்பது அடுத்தது.

டி.எஸ்.எச். என்பது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பதன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் ஆணை அது. மஞ்சளாற்றுப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். கடைமடை வயல் காய்ந்தால் உழவர் மேல்மடையை நோக்கிக் குரல் கொடுப்பார். வயல் காயக் காயக் குரல் உயரும். நீர் வந்துவிட்டால் அடங்கும். பெரும்பாலானோருக்கு டி.எஸ்.எச். கூடியிருப்பதன் பொருள், தைராக்சின் போதவில்லை என்பதே. அளவு சரியாவது, மாத்திரை வழியாக நீர் வந்து சேர்வதால். மாத்திரையை நிறுத்தினால் வயல் மீண்டும் காயும்.

ஆனால் உடனே காயாது என்பதுதான் சிக்கல். தைராக்சினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரமாகும். ஆகவே நிறுத்திய முதல் நாள்களில் எவ்வித மாற்றமும் தெரியாது. 'இது தேவையே இல்லை போலும்' என்று தோன்றும். பின்னரே சோர்வு, மலச்சிக்கல், உடல் கனத்தல், முடி உதிர்தல், மாதவிடாய்க் கோளாறு ஆகியன ஒவ்வொன்றாகத் திரும்பும். மாத்திரையின் அளவை மாற்றியபின் ஆறு வாரங்கள் கழித்தே மறுபரிசோதனைக்கு அழைப்பதன் காரணமும் இதுவே.

1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்குச் செலுத்தினார். சிகிச்சையைத் தொடர்ந்த அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்றைய மாத்திரையில் இருப்பது உடல் தானே சுரக்கும் அதே தைராக்சின். ஆகவே 'ஆயுள் முழுவதும் மருந்தா?' என்று அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தோன்றும் தைராய்டு அழற்சி போன்ற சில நிலைகளில் மாத்திரையை நிறுத்த இயலும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கருவுற்றவர்கள் மட்டும் ஒரு நாளும் விடலாகாது. தொடக்க மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினே துணை. மாதவிடாய் தள்ளிப்போனவுடன் தெரிவியுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட நேரும்.

கடலில் விளைவதால் தூத்துக்குடிக் கல்லுப்பில் இயல்பாகவே அயோடின் நிறைந்திருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். உப்பு விளைந்து உலர்ந்தபின் அதில் மிகச் சிறிதளவே எஞ்சுகிறது, சேர்த்தால்தான் உண்டு. நியாயவிலைக் கடையின் 'அரசு' அயோடின் உப்பே போதும். ஆயினும் அது மாத்திரைக்கு மாற்றாகாது.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்குங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். விடியலில் அது எளிதன்று என்பதை நாங்களும் அறிவோம். இயலாதவர்கள், இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து உண்ணலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.