ரேடியேட்டர் மாத்தினேன், ஏசி போச்சு: 28,000 ரூபாய் செலவைத் தவிர்த்த ஒரு கேள்வி

போன மே மாசம் என் காருக்கு ரேடியேட்டர் மாத்தினேன். பழசுல கூலன்ட் ஒழுகிட்டு இருந்துச்சு. மறுநாள் ஆபீஸ் போறேன், சிக்னல்ல நின்னா ஏசியில சூடான காத்து. வண்டி வேகம் எடுத்தா மறுபடி ஜில்லுனு வருது.

அதே மெக்கானிக் ஷெட்டுக்குப் போன் பண்ணேன். "கேஸ் கம்மியா இருக்கும் சார், 2,500 ஆகும்"னாங்க. நேர்ல போனா, "கம்ப்ரசர் வீக் சார், மாத்திடுங்க, 28,000 ஆகும்"னு சொல்றாங்க. ரேடியேட்டர் வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம்.

28,000 ரூபாய்ங்கிறது புதுசா வேலைக்குச் சேர்ந்த பலருக்கு ஒரு மாசச் சம்பளம். யோசிச்சுச் சொல்றேன்னு கிளம்பிட்டேன்.

எங்க ஆடிட் வேலையில ஒரு பழக்கம் உண்டு. போன மாசம் வரைக்கும் டேலி ஆன கணக்கு இந்த மாசம் ஆகலைன்னா, முதல்ல இந்த மாசம் போட்ட என்ட்ரியைத்தான் பார்ப்போம். காருக்கும் அதே கேள்விதான்: கடைசியா எதைக் கழட்டினாங்க?

ஏசியோட கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கு. வண்டி ஓடும்போது எதிர்க்காத்தே அதைக் குளிர வைக்கும். நிக்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்யணும். ரேடியேட்டரை மாத்த அந்த ஃபேனைக் கழட்டியிருப்பாங்க.

கேஸ் குறைஞ்சாலும், கம்ப்ரசர் தேஞ்சாலும் நிக்கும்போது கூலிங் குறையலாம். ஆனா ஃபேன் சுத்துதான்னு பார்க்க 2 நிமிஷம் போதும், காசே வேண்டாம். ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, தள்ளி நின்னு பார்த்தேன். சுத்தலை. (கையை உள்ள விடாதீங்க, ஃபேன் திடீர்னு ஓடும்.)

ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனேன். ஃபேன் கனெக்டர் பாதிதான் மாட்டியிருந்துச்சு. அழுத்தினார், டக்குனு உட்கார்ந்துச்சு, ஏசி ஜில்லுனு ஆயிடுச்சு. செலவு 300 ரூபாய்.

இதுல இன்னொரு ஆபத்தும் இருந்துச்சு. அதே ஃபேன்தான் இன்ஜினையும் குளிர வைக்குது. அப்படியே ஓட்டியிருந்தா ட்ராஃபிக்ல ஓவர்ஹீட் ஆகி ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் இந்த மாதிரி மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் தராது.

எந்த வேலைக்கு அப்புறம் எதைப் பார்க்கச் சொல்லணும்?

• ரேடியேட்டர், முன் பம்பர்: ஃபேன் கனெக்டர், ஏசி பிரஷர் சென்சார் கனெக்டர், கண்டன்சர் பைப் ஜாயின்ட்.
• பெல்ட், ஆல்டர்னேட்டர்: பெல்ட் டென்ஷன், கம்ப்ரசர் கனெக்டர்.
• பேட்டரி, வயரிங், மியூசிக் சிஸ்டம்: ஃப்யூஸ், ரிலே.
• டாஷ்போர்டு கழட்டின வேலை: ப்ளோயர் கனெக்டர், சூடு-குளிர் மாத்துற ஃபிளாப்.

"கேஸ் போடணும்"னு சொன்னா முதல்ல லீக் டெஸ்ட் கேளுங்க. பெட்ரோல் மாதிரி கேஸ் தீராது, அது மூடின சிஸ்டம். வேலை முடிஞ்ச சில நாள்லயே குறைஞ்சிருந்தா எங்கயோ கசியுது. லீக்கை அடைக்காம கேஸ் போட்டா அந்தக் காசும் காத்தோட போயிடும்.

வண்டியை விடும்போதே "ஏசி நல்லா வேலை செய்யுது"ன்னு ஜாப் கார்டுல எழுத வைங்க. எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்லயாவது வாங்குங்க. மாத்தின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. பில் இல்லாம காசு கொடுக்காதீங்க.

அவங்க தப்பைச் சரி பண்ண மறுத்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-படி சேவைக் குறைபாட்டுக்கு 2 வருஷத்துக்குள்ள மாவட்ட ஆணையத்துல புகார் கொடுக்கலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. ஆனா அங்க உங்களுக்காகப் பேசப்போறது அந்த ஜாப் கார்டும் பில்லும்தான். அதனால அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஏசியை ஒரு தடவை போட்டுக் காட்டிட்டு வாங்க.