அடுத்த பாகம் எப்போது?

மிகைபுனைவு நாவல் ஒரே புத்தகத்தோடு முடிவது அரிது. ஃபேன்டஸி என்று இன்று தமிழிலும் வழங்கும் இந்த வகையில், எழுத்தாளர் கதையோடு அது நடக்கும் உலகத்தையும் புதிதாகப் படைக்கிறார். அந்த உலகத்துக்கு மலையும் ஆறும் வேண்டும்; அரச வம்சங்கள், கடவுள்கள், மொழிகள் வேண்டும்; மந்திரம் உண்டென்றால் அது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்ற விதி வேண்டும். இத்தனையையும் நிலைநிறுத்திக் கதையும் சொல்ல முந்நூறு பக்கம் போதாது. அதனால் மூன்று பாகம், ஐந்து பாகம், பத்துப் பாகம் என்று தொடர் நீள்கிறது. ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓராண்டு ஆகலாம், பதினைந்து ஆண்டும் ஆகலாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் தாமதத்தின் பெரும்பகுதி இந்த இலக்கிய வகையின் அமைப்பிலேயே இருக்கிறது. படைத்த உலகம் பெரிதாகப் பெரிதாக, அதற்குள் பிழையில்லாமல் அடுத்த அடி எடுத்துவைப்பது கடினமாகிறது.

நிலவைத் திருத்திய எழுத்தாளர்

இன்றைய வாசகரின் காத்திருப்புக்கு முன்னோடி ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் வாசகர்கள். அவருடைய ‘தி ஹாபிட்’ 1937 செப்டம்பரில் லண்டனில் வெளியானது. அது நன்றாக விற்கவே, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அடுத்த புத்தகம் கேட்டார். டோல்கீன் அந்த ஆண்டு டிசம்பரிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்தக் கதை, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, வாசகர் கைக்கு வரப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

போரும் காகிதத் தட்டுப்பாடும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆசிரியப் பணியும் அதற்குக் காரணங்கள். இன்னொரு காரணம் அவருடைய கடிதங்களில் தெரிகிறது. கதைமாந்தர்கள் பிரிந்து வெவ்வேறு திசைகளில் பயணம் போகிறார்கள். 1944-ல் அத்தியாயங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஓரிடத்தில் நிலவு எழும் அதே வேளையில் இன்னோரிடத்தில் அது மறைவதாக எழுதியிருப்பதை டோல்கீன் கண்டுபிடித்தார். பெரும்பாலான வாசகர் கண்ணில் படாத பிழை அது. ஆனாலும் அவர் திரும்பிப் போய் அத்தியாயங்களைத் திருத்தினார். அந்த நிலவு சரியாக இருந்தால்தான் அந்த உலகம் உண்மை என்பது அவர் கொள்கை.

எழுதி முடித்த நூல் ஒரே புத்தகமாக அச்சிட முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. செலவைக் கருதிப் பதிப்பாளர் அதை மூன்றாகப் பிரித்தார். 1954 ஜூலையில் முதல் பாகமும் நவம்பரில் இரண்டாவதும் வந்தன. இரண்டாம் பாகம் கதைநாயகன் ஃபிரோடோ எதிரிகளிடம் சிக்கிக்கொள்ளும் கட்டத்தில் முடிந்தது. பிற்சேர்க்கைகளும் வரைபடமும் தயாராகத் தாமதமானதால் மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில்தான் வந்தது. வாசகர்கள் ஏறக்குறைய ஓராண்டு தவித்தார்கள். மூன்று பாகம் என்ற வழக்கமும் அடுத்த பாகத்துக்கான ஏக்கமும் ஒரு பதிப்பகத்தின் செலவுக் கணக்கிலிருந்து பிறந்தவை. பின்னால் வந்த எழுத்தாளர்கள் அதையே கதை சொல்லும் முறையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நகரத்தில் விழுந்த முடிச்சு

இன்று உலகில் மிக அதிகம் பேர் எதிர்பார்க்கும் மிகைபுனைவு நூல்களில் ஒன்று ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்’. ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரின் ஆறாம் பாகம் இது. மூன்று பாகமாகத் திட்டமிட்ட கதை ஏழு பாகமாக வளர்ந்தது. முதல் பாகம் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 1996-ல் வந்தது. அடுத்த இரண்டும் 1998, 2000 என்று இரண்டாண்டு இடைவெளியில் வந்தன. நான்காவது 2005-லும் ஐந்தாவதான ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ 2011-லும் வெளியாயின. ஆறாம் பாகம் 2025-லும் வந்துசேரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஐந்தாம் பாகத்தின் கதையே பாடம். இந்தத் தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு மனிதர் பார்ப்பதையும் அறிவதையும் மட்டுமே சொல்லும். டெனேரிஸ் என்ற இளம் அரசி மீரீன் என்ற நகரில் இருக்கிறாள். பல தேசங்களிலிருந்து பலர் அவளைத் தேடிப் புறப்படுகிறார்கள். முதலில் வந்துசேருபவர் யார்? அவர் கொண்டுவரும் செய்தி அவள் முடிவை எப்படி மாற்றும்? அந்த முடிவு, பின்னால் வருபவரின் வழியை அடைத்துவிடாதா? வரிசையை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார் மார்ட்டின். கடைசியில், அரசியின் முதிய மெய்க்காவலர் பாரிஸ்டனின் கண்வழியே சில அத்தியாயங்களைச் சொன்னபோதுதான் சிக்கல் அவிழ்ந்தது. வாசகர்கள் இன்றும் அதை ‘மீரீன் முடிச்சு’ என்றே சொல்கிறார்கள்.

அதற்கு முன்பே இன்னொரு தடங்கல் இருந்தது. கதையில் வரும் சிறுவர்கள் வளர்வதற்காக, மூன்றாம் பாகத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளைத் தாண்டிக் கதையைத் தொடர மார்ட்டின் நினைத்தார். எழுதத் தொடங்கியபோது, விட்டுப்போன ஆண்டுகளில் நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. எழுதியதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் தொடங்கினார். தன்னைத் திட்டம் வரைந்து கட்டுபவராக அல்லாமல், விதை ஊன்றி வளர்வதைப் பார்க்கும் தோட்டக்காரராகவே அவர் சொல்லிக்கொள்கிறார். அப்படி எழுதுபவருக்கு வேண்டாத கிளையை வெட்டுவதும் வேலையில் சேர்த்திதான்.

2011-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் நூலை முந்திக்கொண்டு 2019-ல் முடிவையும் காட்டிவிட்டது. அதற்குப் பிறகும் வாசகர்கள் நூலைத்தான் கேட்கிறார்கள். தொலைக்காட்சித் தொடரில் இடம்பெறாத பாத்திரங்களும் கிளைக்கதைகளும் நூலில் ஏராளம். அவற்றின் முடிவை எழுதக்கூடியவர் மார்ட்டின் ஒருவரே.

காத்திருந்த வாசகரே முடித்த கதை

நீண்ட தொடரைத் தொடங்கும் எழுத்தாளருக்கு அதை முடிக்க ஆயுள் வேண்டும். ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரின் ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் 2007 செப்டம்பரில் அமிலாய்டோசிஸ் என்ற நோயால் இறந்தார். 1990-ல் தொடங்கிய தொடரில் பதினோரு பாகங்கள் வந்திருந்தன. இறுதிப் பாகம் எஞ்சியிருந்தது. தன் முடிவு நெருங்குவதை அறிந்த ஜோர்டன், கதை எப்படி முடிய வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லிப் பதிவுசெய்ய வைத்திருந்தார். ஏராளமான குறிப்புகளையும் விட்டுச்சென்றார்.

அவருடைய மனைவி ஹேரியட் மெக்டூகல்தான் அந்தத் தொடரின் பதிப்பாசிரியரும். கணவருக்காக ஓர் இளம் எழுத்தாளர் எழுதிய அஞ்சலிக் குறிப்பு அவர் பார்வைக்கு வந்தது. அந்த இளைஞரின் நாவலைப் படித்துப் பார்த்துவிட்டு, தொடரை முடிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். அவர்தான் பிராண்டன் சாண்டர்சன். பள்ளிப் பருவம் முதல் ஜோர்டனைப் படித்து, அடுத்த பாகத்துக்காகக் காத்திருந்து வளர்ந்தவர். ஒரு பாகமாக நினைத்த முடிவு மூன்று பாகமாக விரிந்து 2009, 2010, 2013 ஆண்டுகளில் வெளிவந்தது. இறுதிப் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் ஜோர்டனே எழுதிவைத்திருந்த பகுதி இடம்பெற்றது. வாசகர் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து, தான் நேசித்த கதையைக் கரைசேர்த்தது இலக்கிய உலகில் எப்போதாவது நடப்பது.

கணக்கு காட்டும் எழுத்தாளர்

சாண்டர்சன் தன் சொந்தத் தொடர்களில் வேறொரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். எந்த நூல் எத்தனை சதவீதம் எழுதப்பட்டிருக்கிறது என்று அவருடைய இணையதளத்தில் பட்டைகளாகப் பார்க்கலாம். முதல் வரைவு, திருத்தம் என்று வேலை நகர நகரப் பட்டை நீள்கிறது. முந்தைய நூல்களின் தகவல்களோடு புதிய அத்தியாயம் முரண்படுகிறதா என்று சரிபார்ப்பதற்கென்றே அவரிடம் ஆள் இருக்கிறார். வெளியீட்டுக்கு முன் ஒரு வாசகர் குழு வரைவைப் படித்து, எங்கே தொய்வு, எங்கே குழப்பம் என்று எழுதிக் கொடுக்கிறது. டோல்கீன் தனியாக உட்கார்ந்து நிலவைத் திருத்திய வேலைக்கு இங்கே ஓர் அலுவலகமே இருக்கிறது.

அவருடைய ‘ஸ்டார்ம்லைட்’ தொடரின் முதல் பாகம் ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ 2010-ல் வந்தது. ஐந்தாம் பாகம் ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ 2024 டிசம்பரில் வெளியாகி, பத்துப் பாகத் திட்டத்தின் முதல் பாதியை நிறைவுசெய்தது. அடுத்து அவர் ‘மிஸ்ட்பார்ன்’ உலகில் நடக்கும் புதிய மூன்று பாகக் கதையைக் கையில் எடுத்திருக்கிறார். மூன்றையும் எழுதி முடித்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடுவது திட்டம். ஸ்டார்ம்லைட்டின் ஆறாம் பாகம் அதன் பிறகுதான். அதுவரை பொறுக்க வேண்டும் என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் மனக்கசப்பு குறைகிறது.

இந்த வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. பேட்ரிக் ராத்ஃபஸின் ‘கிங்கில்லர் கிரானிக்கிள்’ தொடரில், விடுதி நடத்தும் ஒருவன் தன் வாழ்க்கைக் கதையை மூன்று நாளில் சொல்வதாக அமைப்பு. ஒரு நாளுக்கு ஒரு புத்தகம். முதல் நாள் 2007-லும் இரண்டாம் நாள் 2011-லும் வந்தன. மூன்றாம் நாளான ‘தி டோர்ஸ் ஆஃப் ஸ்டோன்’ இன்னும் விடியவில்லை. சூசன்னா கிளார்க் தன் முதல் நாவலை 2004-ல் வெளியிட்டபின் நீண்டகாலம் நோயுற்றார். அடுத்த நாவல் ‘பிரானேசி’ 2020-ல் வந்தபோது அது சிறிய புத்தகம்தான். ஆனால் மறுஆண்டே பெண் எழுத்தாளர்களுக்கான விமன்ஸ் பிரைஸ் பரிசைப் பெற்றது. காத்திருப்பு நல்லபடியாக முடிந்ததற்கு பிலிப் புல்மனும் எடுத்துக்காட்டு. 1995-ல் ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலில் சிறுமியாக அறிமுகமான லைராவின் கதை, முப்பது ஆண்டுகள் கழித்து 2025 அக்டோபரில் ‘தி ரோஸ் ஃபீல்ட்’ நாவலோடு நிறைவுற்றது.

எழுதி முடித்த பிறகு

எழுத்தாளர் கடைசி வரியை எழுதிய மறுமாதமே புத்தகம் கடைக்கு வந்துவிடாது. பதிப்பாசிரியர் படித்துக் குறிப்பு அனுப்புவார், எழுத்தாளர் திருத்துவார். பிறகு மொழித்திருத்தம், பக்க வடிவமைப்பு, மெய்ப்புத் திருத்தம் நடக்கும். மிகைபுனைவில் வரைபடம், ஓவியம், பெயரகராதி ஆகியவையும் சேரும். ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ ஒலிநூல் மட்டுமே 45 மணி நேரம் ஓடுகிறது. அதைப் பதிவுசெய்யவும் காலம் வேண்டும். எல்லாம் முடிய ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். நூலின் தடிமனுக்கும் எல்லை உண்டு. அட்டை கட்டும் இயந்திரம் தாங்கும் அளவைத் தாண்டினால் நூலைப் பிரிக்க வேண்டும். மார்ட்டினின் மூன்றாம் பாகம் பிரிட்டனில் சாதா அட்டைப் பதிப்பில் இரண்டு புத்தகங்களாக வந்தது இப்படித்தான்.

வெளியீட்டு நாளே திருவிழாவான காலமும் உண்டு. ஹாரி பாட்டரின் ஏழாம் பாகம் 2007 ஜூலை 21 அன்று லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் விற்பனைக்கு வந்தது. அப்போது இந்தியாவில் அதிகாலை 4:31. அதுவரை பெட்டிகளைப் பிரிக்கக் கடைக்காரர்களுக்கு அனுமதியில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலுமாக 24 மணி நேரத்தில் சுமார் 1.1 கோடிப் படிகள் விற்றன. அண்மையில், 2025 ஜனவரியில் வந்த ரெபெக்கா யாரோஸின் ‘ஓனிக்ஸ் ஸ்டார்ம்’ முதல் வாரத்தில் 27 லட்சத்துக்கும் மேல் விற்றது. புதிய பாகத்துக்காகக் காத்திருக்கும் பழக்கம் தேயவில்லை என்பதற்கு இது சான்று.

தேதியை நம்பலாமா?

வரவிருக்கும் நூல்களைத் தேடும் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய விற்பனைத் தளங்களில், எழுதி முடிக்காத நூலுக்கும் ஒரு தேதி காட்டப்படுவது உண்டு. பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாததால் போட்டுவைத்த தேதி அது. நாள் நெருங்கும்போது தள்ளிப்போகும். எழுத்தாளரோ பதிப்பகமோ நேராக அறிவித்து, அட்டைப்படமும் வந்துவிட்டால் தேதியை நம்பலாம். அந்த நிலையில் செய்யும் முன்பதிவு எழுத்தாளருக்கும் உதவும். எத்தனை படி அச்சிடுவது, கடைகளுக்கு எத்தனை அனுப்புவது என்பதைப் பதிப்பகம் அதைப் பார்த்தே கணிக்கிறது. இந்தியக் கடைகளுக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்பே வருவதால், அமெரிக்க அட்டைப்படத்தைப் பார்த்து வாங்குபவர் கையில் வேறு அட்டை வரலாம்.

புதிய பாகம் வருமுன் பழைய பாகங்களை மறுபடி படிப்பது இந்த வாசகர்களிடையே ஊறிய வழக்கம். ஆயிரம் பக்கக் கதையில் யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பது பத்தாண்டில் மறந்துபோகும். நேரம் இல்லாதவர்களுக்கு நூலின் பின்பக்கத்து வம்சாவளியும் முன்பக்கத்து வரைபடமும் கைகொடுக்கும். மறுவாசிப்பில் முதல் முறை தாண்டிப்போன ஒரு பெயர், ஒரு சிறு பொருள், ஒரு பழைய பாட்டு திடீரென்று கண்ணில் படும். பின்னால் நடக்கப்போவதற்கு எழுத்தாளர் அங்கேயே விதை போட்டுவைத்திருப்பார். அந்த விதைகளைத் தேடிப் பொறுக்கி, அவை எப்படி முளைக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கும் வாசகர், அடுத்த பாகம் வரும் நாளில் அதன் முதல் பக்கத்தைத் திறக்கத் தயாராக இருப்பார்.