உஷார்! மரப்பாச்சியில் கை வைக்கும் முன்...

திருப்பதி போய்வந்த பையில் லட்டோடும் கயிறோடும் பல வீடுகளுக்கு ஒரு மரப்பாச்சி ஜோடியும் வந்து சேர்கிறது. கொலுப்படியில் முதலில் ஏறுவது அதுதான். கல்யாணப் பெண்ணுக்குச் சீராகப் போவதும் அதுதான். அதற்குப் பாவாடை தைப்பது, கல் ஒட்டுவது, கண்ணும் பொட்டும் வரைவது எல்லாம் இப்போது வீட்டுக் கைவேலை. வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு பசை, பெயின்ட், தின்னர் சகிதம் உட்கார்ந்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பொம்மையின் சிவப்பு மரத்தின் சிவப்பா, சாயத்தின் சிவப்பா என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள்.

மரப்பாச்சிக்கு உரிய மரம் செம்மரம். ஆந்திராவின் சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா மலைகளையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் தவிர, உலகில் வேறெங்கும் காடாக வளராத மரம். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்து திருப்பதி தனி மாவட்டமான பிறகும், இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அது வீட்டு வாசல் மரம்தான். ஆனால் கடைத்தெருவில் சிவப்பாக நிற்பதெல்லாம் செம்மரம் இல்லை. ஏதோ ஒரு மலிவு மரத்தைக் கடைந்து, சாயத்தில் முக்கி, மேலே வார்னிஷ் பூசிவிட்டால் பார்வைக்கு அச்சு அசல்தான்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பொம்மையின் அடிப்பாகத்தில் வார்னிஷ் படாத இடமாகப் பார்த்து ஈரப் பஞ்சால் அழுத்தித் தேயுங்கள். பஞ்சு சிவந்து ஊறினால் அது சாயம். செம்மரத்தின் நிறமிக்குச் சான்டலின் என்று பெயர். அது குளிர்ந்த நீரில் அவ்வளவாகக் கரையாது. ஸ்பிரிட்டிலும் நெயில் பாலிஷ் ரிமூவரிலும் நன்றாகக் கரையும். தூக்கிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும், வயிரம் பாய்ந்த செம்மரம் கல் மாதிரி கனக்கும், பெரும்பாலும் தண்ணீரில் மூழ்கும். இன்னொன்று, செம்மரத்துக்கு வாசனை கிடையாது. “மோந்து பாருங்கம்மா, ஒரிஜினல் சந்தனம்” என்று யாராவது நீட்டினால், மணப்பது சென்ட்.

நிறம் ஸ்பிரிட்டில் கரையும் என்பதில்தான் கைவேலைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நல்ல மரப்பாச்சியின் மேல் தின்னர் கலந்த வெள்ளை எனாமலை அடித்தால், அடியிலிருந்து சிவப்பு ஏறி வெள்ளை ரோஸாகிவிடும். பாட்டி காலத்துப் பொம்மையைத் துடைக்கிறேன் என்று சானிடைசரை ஊற்றினாலும் இதே கதிதான். உடுத்தியிருக்கும் வெண்பட்டுக்கும் கறை இறங்கும். உலர்ந்த துணியும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் போதும். உடையை ஒட்டாதீர்கள், நூலால் கட்டுங்கள், அல்லது தைத்துப் போடுங்கள். நகையைப் பொம்மையில் ஒட்டாமல் துணியில் தையுங்கள். காளஹஸ்தி கலம்காரித் துண்டில் புடவை கட்டுவதானால் முதலில் தனியாக அலசிக் காயவையுங்கள். உப்புத்தாள் போட்டே ஆக வேண்டுமென்றால் முகக்கவசம் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். என்னைக் கேட்டால், பரம்பரைப் பொம்மைக்குப் பெயின்டே வேண்டாம். அந்த மரத்தை விடவா ஏஷியன் பெயின்ட்ஸ் அழகு?

அடுத்தது கைக்குழந்தை. மரப்பாச்சி மருந்து மரம், குழந்தை வாயில் வைத்தாலும் நல்லதுதான் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையைச் சாயம் போட்ட பொம்மைக்கும் நீட்டுவதுதான் ஆபத்து. என்ன சாயம், என்ன வார்னிஷ் என்று விற்பவருக்கே தெரியாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துப் பொம்மைக்கு அடிக்கும்போது இது நினைவிருக்கட்டும். 2021 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரை இல்லாததால் மட்டும் பொம்மை மோசம் ஆகிவிடாது. அதே சமயம் அதை யாரும் சோதித்துத் தந்ததாகவும் நினைத்துவிடாதீர்கள். கொலுவில் நிற்கும் பொம்மை கொலுவிலேயே நிற்கட்டும். பொம்மையைக் கல்லில் உரசிக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் அறவே வேண்டாம்.

“பொம்மை எதற்கு, செம்மரக் கட்டை ஒன்று கிடைத்தால் நானே மணி கடைவேன், ரெசின் ஊற்றி டிரே செய்வேன்” என்கிற ஆர்வக்காரர்களுக்கு: விளையாடாதீர்கள்! ஆந்திராவில் பர்மிட் இல்லாமல் செம்மரத்தை வெட்டுவதும் கொண்டுபோவதும் வனக் குற்றம். இந்த மரக் கடத்தலைத் தடுப்பதற்கென்றே ஒரு தனிப்படை திருப்பதியில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். அப்படிப்பட்ட மரத்தை ‘கிராஃப்ட் வேலைக்குத்தான் சார்’ என்று பஸ்ஸில் பையில் வைத்துக்கொண்டு வரலாமா? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்களும் கவனியுங்கள். செம்மரத்தின் கட்டை, சீவல், பொடி எல்லாம், அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. முகத்துக்குப் பூசும் ரத்தசந்தனப் பொடியும் செம்மரப் பொடிதான், அதுவும் அதில் அடக்கம். செதுக்கிய பொம்மை வேண்டுமென்றால் ஆந்திர அரசின் லேபாக்ஷி மாதிரியான கடையில் வாங்கி, ரசீதைப் பொம்மை உள்ளவரை வைத்திருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பூஜை அலமாரியில் இருக்கிறது. குன்றிமணி! களிமண் பிள்ளையாருக்குக் கண் வைத்தது போக மிஞ்சியதை எடுத்து, ஊசியால் துளைத்துப் பொம்மைக்கு மாலை கோக்கிறார்கள். அதற்குள் இருப்பது ஏப்ரின் என்ற கொடிய விஷம், முறிமருந்தே கிடையாது. கெட்டியான ஓடு உடையாதவரை விஷம் பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். நாம் துளை போடுவது அந்த ஓட்டில்தான். தூள் பறந்து மூச்சிலும் கண்ணிலும் படும். அறுந்து விழுந்த மணியைக் குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. கண்ணுக்குக் கறுப்பு பாசிமணி போதும், மாலைக்குக் கண்ணாடி மணி போதும். துளைத்த குன்றிமணி மாலை வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

குன்றிமணியைக் குழந்தை மென்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள். வாந்தி பேதி தொடங்கப் பல மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூடத் தாண்டலாம். அதுவரை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டிலேயே காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் காட்ட அதே விதையில் ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள்.