நெட்டிக் கோபுரமும் எளிய கேமராவும்

தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நீர்நிலைகளில் வளரும் நெட்டித் தண்டின் தோலை நீக்கி, வெண்மையான உட்பகுதியைச் சீவிப் பெரிய கோயில் முதலிய மாதிரிகளைக் கைவினைஞர் உருவாக்குகின்றனர். தொலைவிலிருந்து வாங்குவோர் முதலில் காண்பது பொருளை அன்று, அதன் நிழற்படத்தையே. படம் மங்கினால் உழைப்பின் மதிப்பும் மங்கும்.

நல்ல படத்திற்கு விலையுயர்ந்த கேமரா வேண்டுவதில்லை; எளிய கைப்பேசியே போதும். அதன் சிறிய லென்சு குறைந்த ஒளியையே உள்வாங்கும். ஆகவே ஒளியை மிகுவிப்பதும் அசைவைத் தவிர்ப்பதுமே வழி.

நேர்வெயில் படாத சன்னலருகே, கருநீலத் துணியின் முன் மாதிரியை வைத்தல் வேண்டும். பக்கவாட்டில் விழும் ஒளி செதுக்கல்களை எடுத்துக்காட்டும். நேரே பாயும் பிளாஷ் ஒளியோ அவற்றைத் தட்டையாக்கிவிடும். சன்னலுக்கு எதிர்ப்புறம் வெள்ளைத்தாள் ஒன்றை நிறுத்தினால் நிழலின் கருமை குறையும். கைப்பேசியை நூலடுக்கில் சார்த்தி டைமரை அமைத்தால் கைநடுக்கம் படத்தில் புகாது. அதனைக் கோபுரத்தின் அடிமட்டத்திற்குத் தாழ்த்தினால் சிறு மாதிரியும் ஓங்கி நிற்கும்.

கரிய பின்புலத்தைக் கண்ட கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அப்போது வெண்மை மிகுந்து நுண்வேலை மறையும். திரையில் மாதிரியைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே குறைத்தல் நலம்.

செதுக்குவதற்குச் செலவிட்ட பொறுமையில் சிறுபங்கைப் படமெடுக்கவும் ஒதுக்கினால், கைவினைஞரின் உழைப்பு உரிய மதிப்பைப் பெறும்.