எடையின்மை என்னும் பாவனை: செல் எதை வாசிக்கிறது?

'எடையின்மை' என்கிற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. மேலே போகப் போகப் புவியீர்ப்பு தீர்ந்துவிடும், அந்த இல்லாமைக்குள்தான் விண்வெளி வீரர் மிதக்கிறார் என்கிற படிமம் நம் மனசில் அழுத்தமாகப் பதிந்து கிடக்கிறது. நிஜம் வேறு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் உள்ளே இருக்கிற மனிதரும் செடியும் சேர்ந்தாற்போல விழுந்துகொண்டே இருப்பதால் ஒன்றை மற்றொன்று அழுத்துவதில்லை, அவ்வளவுதான். ஆக, இல்லாமை என்று நாம் பெயரிட்டிருப்பது ஓயாத ஒரு விழுகையை. சரி, இதைத் தரையிலேயே, ஆய்வுக்கூட மேஜை மேல் பாவனை செய்கிறார்களே, அது எப்படி?

கருவியின் பூர்வீகம் பழையது. 1806இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் தண்ணீர் விசையில் சுழலும் சக்கரத்தில் அவரையினத்து விதைகளைக் கட்டி முளைக்கவிட்டார். செங்குத்தாகச் சுழன்ற சக்கரத்தில் வேர்கள் மண்ணை நோக்கிப் போகவில்லை. சக்கரத்துக்கு வெளிப்புறமாகப் போயின. தண்டுகள் மையத்தைப் பார்த்தன. 'கீழ்' என்பது வேருக்கு ஓர் இடமல்ல, தன்மேல் செயல்படும் விசையின் திசை என்பது அப்போதே தெரிந்துபோச்சு. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜூலியஸ் ஸாக்ஸ் சுழற்சியை மெதுவாக்கினார். இதுதான் கிளினோஸ்டாட். நாற்று படுக்கை அச்சில் நிமிஷத்துக்கு ஓரிரு தடவை சுற்றும். ஒரு பக்கம் கீழாகி, வேர் அதற்கு வளைந்து பதில் சொல்வதற்குள் அடுத்த பக்கம் கீழாகிவிடும். பிற்காலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சட்டங்களைத் தாறுமாறாகச் சுழற்றும் இயந்திரங்களும் வந்தன.

செல்லுக்குள் நடப்பதைப் பார்க்கவேண்டும். வேர்நுனியை மூடியிருக்கும் உறையின் நடுவில் கனமான மாவுமணிகள் கொண்ட செல்கள் சில உண்டு. மணிகள் எந்தப் பக்கம் படிகின்றனவோ அதுவே கீழ் என்று 1900இல் நெமெக்கும் ஹேபர்லண்ட்டும் தனித்தனியாகச் சொன்னார்கள். மணிகள் இடம் மாறினால் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருளின் பங்கீடு மாறுகிறது. கீழ்ப்பக்கம் வளர்வது மந்தமாகி வேர் வளைகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கப்புறம் வந்த ஒரு விஷயம். தண்டு ஈர்ப்பின் அளவை வாசிப்பதில்லை, சாய்வைத்தான் வாசிக்கிறது என்று 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. மாவுமணிகள் மணல்போலக் குவிந்து நிற்பதில்லை, செல்லின் உள்ளசைவால் திரவம்போல ஒழுகுகின்றன, அதனால் துளிச் சாய்வும் தெரிந்துவிடுகிறது என்று 2018இல் விளக்கம் வந்தது. அதாவது செல் கேட்கிற கேள்வி 'எவ்வளவு?' அல்ல, 'எந்தப் பக்கம்?'.

இந்த இடத்தில்தான் பெயர் சிக்கலாகிறது. கிளினோஸ்டாட் ஈர்ப்பில் ஒரு குன்றிமணியைக்கூடக் குறைப்பதில்லை. ஒவ்வொரு கணமும் முழு ஈர்ப்பு இருக்கிறது. அது சுட்டும் திசைதான் அழிகிறது. குறி இருக்கிறது, குறிப்பீடு இல்லை என்று நம் பாஷையில் வைத்துக்கொள்ளலாம். இதே சுழற்சியை 1980இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 'எல்லாப் பக்கத் தூண்டல்' என்று அழைத்தார்கள். நெடுநேரம் சுழன்ற நாற்றின் வேர்மூடிச் செல்களில் உள்சவ்வுகளின் ஒழுங்கு குலைந்துபோனதை அவர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கு எடையின்மை, இன்னொருவருக்கு எட்டுத் திக்கிலிருந்தும் எடை. கருவி என்னமோ ஒன்றுதான். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. இந்த மேஜைச் சோதனைகளை நம்பித்தான் விண்வெளியில் பயிர் வளர்ப்பது பற்றிப் பேசுகிறார்கள். 2013இல் இத்துறையினரே கூடி, எந்த உயிருக்கு எந்தக் கருவி பொருந்தும், எந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைகள் வெளியிட வேண்டிவந்தது. போலியாக்கம் பற்றிய போத்ரியாரின் 1981ஆம் வருஷத்து நூலைத் தொலைக்காட்சிக்கும் யுத்தத்துக்கும் பொருத்திப் பேசிப் பழகிய நமக்கு இது நல்ல இடைமறிப்பு. அவரிடம் அசலே காணாமல் போகிறது. இங்கே அசல் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, போலியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

ஒப்பிட்டவர்களில் மாட்ரிட்டின் மெதினா, ஹெர்ரான்ஸ் குழுவினர் முக்கியமானவர்கள். அராபிடாப்சிஸ் என்ற கடுகினச் செடியின் வேர்நுனியில் பிளவுறும் செல்களை விண்வெளியிலும் சுழலும் இயந்திரத்திலும் பார்த்தார்கள். சாதாரணமாக ஒரு செல் வளர்ந்துதான் பிளக்கும். இங்கே பிளவு அதிகரித்தது. ரைபோசோம் தயாராகும் உட்கருமணியோ சிறுத்தது. வளர்ச்சியும் பிளவும் கைகோர்ப்பதை விட்டுவிட்டன. வேர், தண்டு என்கிற பேதமே இல்லாமல் திரவத்தில் வளர்க்கப்படும் செல்களும் இயந்திரத்தில் வேகமாகப் பிளந்தன. மாவுமணி உணர்விகள் இல்லாத செல்லுக்கு இது எப்படித் தெரிந்தது? திரவத்தைக் கலக்கிய குலுக்கல்தான் காரணமா? இந்தச் சந்தேகத்துக்காகத்தான் கிளினோஸ்டாட் சோதனைகளில் செங்குத்து அச்சிலும் சில நாற்றுகளைச் சுழற்றுவார்கள்: அதே சுழற்சி, ஆனால் கீழ் கீழாகவே இருக்கும்.

இத்தனைக்கும் செடி செத்துப்போவதில்லை. 1982இல் சோவியத்தின் சல்யூத்-7 நிலையத்தில் அராபிடாப்சிஸ் முளைத்துப் பூத்து விதையும் வைத்தது. 2018இல் மாட்ரிட் குழுவினர் சிவப்பு ஒளி பாய்ச்சிப் பார்த்தார்கள். விலகிப்போன வளர்ச்சியும் பிளவும் மறுபடி நெருங்கிவந்தன. ஈர்ப்பு சொல்லாமல் விட்டதை ஒளி ஏதோ ஒருவகையில் சொல்லிவிடுகிறது.