பைபிளும் அடிமை முறையும்: வெட்டியதும் விட்டுவைத்ததும்

போன சந்திப்பு முடியும் நேரத்தில் நண்பர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "அடிமை முறையைக் காப்பாற்றியது பைபிளா, ஒழித்தது பைபிளா?" "இரண்டும்தான்" என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று தப்பித்துக்கொண்டேன். கணினியை மூடிய பிறகு அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. இன்று ஒழுங்காகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. குடும்ப ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தைச் சத்தமாக வாசித்து வளர்ந்தவன். என் தமிழ் அங்கிருந்துதான் தொடங்கியது. அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குப் பாசம் உண்டு. அந்தப் பாசத்துக்காக எதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் அடிமை முறையைத் தடை செய்யவில்லை. அதற்கு வரம்பு வகுக்கின்றன. யாத்திராகமம் 21ஆம் அதிகாரப்படி, எபிரெய அடிமை ஆறு வருடம் உழைத்தால் ஏழாம் வருடம் விடுதலை. ஆனால் எஜமான் அவனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்திருந்தால் அவளும் பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம். அவன் தனியாகத்தான் போக வேண்டும். அடித்த அடியில் அடிமை அங்கேயே இறந்தால் எஜமானுக்குத் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடிருந்து இறந்தால் இல்லை. காரணம், அவன் எஜமானுடைய பணம். லேவியராகமம் 25 இன்னும் வெளிப்படையானது. அந்நியரை விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகலாம்.

அதே புத்தகத்தில் வேறு குரல்களும் உண்டு. மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை என்று அதே யாத்திராகமம் 21 சொல்கிறது. அடிமையின் கண்ணையோ பல்லையோ எஜமான் போக்கினால் அதற்கு ஈடாக அவனை விடுதலை செய்ய வேண்டும். தப்பி ஓடி வந்த அடிமையை எஜமானிடம் திருப்பிக் கொடுக்காதே என்கிறது உபாகமம் 23. தன்னைக் கருவில் உருவாக்கியவரே தன் வேலைக்காரனையும் உருவாக்கினார் என்று யோபு உணர்ந்து பேசுகிறார்.

புதிய ஏற்பாட்டிலும் இதே இழுபறிதான். எபேசியர், கொலோசெயர், பேதுருவின் முதல் நிருபம் எல்லாம் அடிமைகளைக் கீழ்ப்படியச் சொல்கின்றன. கலாத்தியர் 3ஆம் அதிகாரமோ கிறிஸ்துவுக்குள் அடிமை, சுதந்திரன் என்ற பேதமே இல்லை என்கிறது. பிலேமோனுக்கு எழுதிய சின்னஞ்சிறு கடிதத்தில், ஒநேசிமு என்ற அடிமையை எஜமானிடம் திருப்பி அனுப்பும் பவுல், அவனை இனிச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். திருப்பி அனுப்புகிறார் என்பதைப் பிடித்துக்கொள்வதா, சகோதரன் என்பதைப் பிடித்துக்கொள்வதா? பின்னால் வந்த சண்டை பெரும்பாலும் இதுதான்.

இங்கே தமிழ் வாசகர்களுக்கென்று ஒரு செய்தி. கிரேக்கத்தில் அடிமைக்கு 'டூலோஸ்' என்று பெயர். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த ஒரே சொல் கலாத்தியரில் அடிமை ஆகிறது. எபேசியரில் வேலைக்காரர் ஆகிறது. ரோமர் நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் ஊழியக்காரன் ஆகிறது. மொழிபெயர்த்தவர்கள் சூழ்ச்சி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இப்படித்தான் மென்மைப்படுத்தியது. ஆனால் என்னைப் போன்றவர்கள் எபேசியரை வாசித்தபோது விலைக்கு வாங்கப்பட்ட மனிதரிடம் பேசும் வசனம் அது என்று தெரியாமலே வாசித்தோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1807இல் லண்டனில் ஒரு விசித்திரமான பைபிள் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்த அதே ஆண்டு. வணிகம்தான் நின்றது, அடிமை முறை நிற்கவில்லை. இந்தப் பைபிளின் மூன்று பிரதிகள்தான் இன்று இருப்பதாகத் தெரிகிறது. அமெரிக்காவின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பிரதி வாஷிங்டன் பைபிள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, 2019இல் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குள் சாதாரணமான ஒரு சின்னப் புத்தகம். வழக்கமான பைபிளின் 1,189 அதிகாரங்களில் 232தான் அதில் இருக்கின்றன.

எதை எடுத்துவிட்டார்கள்? இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் கதை இல்லை. மனிதனைத் திருடுபவனுக்கு மரணம் என்ற சட்டம் இல்லை. பேதமில்லை என்று சொல்லும் கலாத்தியர் வசனம் இல்லை. சங்கீதம் முழுவதும் இல்லை. எதை வைத்திருந்தார்கள்? விற்கப்பட்டுப் போன இடத்திலும் உண்மையாய் உழைத்து உயர்ந்த யோசேப்பின் கதை இருந்தது. கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6 இருந்தது.

அங்கே நின்றபோது எனக்கு இரண்டு விஷயங்கள் புரிந்தன. இந்தப் புத்தகம் அடிமையின் கையில் முழுதாகக் கிடைத்தால் ஆபத்து என்று எஜமானர்களின் உலகத்துக்குத் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் ஏன் வெட்ட வேண்டும்? பைபிளை நேசிக்கிறவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லும் வாதம் இது. இரண்டாவது அவ்வளவு இனிப்பானதல்ல. வெட்டியவர்கள் புதிதாக எதையும் எழுதிச் சேர்க்கத் தேவைப்படவில்லை. மிச்சமிருந்ததே அவர்கள் காரியத்துக்குப் போதுமாக இருந்தது.

திருச்சபையும் வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. பார்படோசில் கோட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரி சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தது. அங்கே அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்ற சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்தார்கள். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கப்பட்டது. அது முழுவதும் எஜமானர்களுக்குத்தான். அந்தச் சங்கத்துக்கும் பங்கு கிடைத்தது. 2006இல் அந்தத் திருச்சபை இதற்காக மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்காவில் இந்த விவாதம் சபைகளையே பிளந்தது. 1844இல் மெதடிஸ்டுகள் பிரிந்தார்கள். 1845இல் பாப்டிஸ்டுகள் பிரிந்து தெற்கத்திச் சபையார் தனி அமைப்பு கண்டார்கள். அந்த அமைப்பு 1995இல்தான் மன்னிப்புக் கேட்டது. தெற்கத்திப் போதகர்கள் வசனத்துக்கு வசனம் காட்டினார்கள். நோவா சபித்தது கானானைத்தான் என்று ஆதியாகமம் 9 தெளிவாகச் சொல்லியிருக்க, அதைக் காமின் சாபம் என்றாக்கி ஆப்பிரிக்கர் தலையில் கட்டினார்கள். ஆனால் மற்ற வசனங்களை அவர்கள் திரிக்க வேண்டியிருக்கவில்லை. அடிமை முறையை எதிர்த்தவர்கள் தனி வசனங்களை விட்டு, பிறரை உன்னைப்போல நேசி என்ற பொதுக் கட்டளைக்கும், தப்பியவனைத் திருப்பிக் கொடுக்காதே என்ற உபாகமத்துக்கும் போனார்கள். 1850இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரச் சொல்லும் சட்டம் வந்தபோது அந்த உபாகம வசனம் அவர்கள் கையில் ஆயுதமானது.

அடிமைகளாக இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? 1830களில் ஜார்ஜியாவில் சார்ல்ஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற போதகர் அடிமைகளுக்குப் பிலேமோன் நிருபத்தைப் பிரசங்கித்து, ஓடிப்போவது தவறு என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்படியொரு நிருபமே பைபிளில் இல்லை என்று சிலர் சாதித்தார்கள். இதை எழுதி வைத்தவரே அவர்தான். அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், ஒரு பெண்ணைச் சாட்டையால் அடித்துக்கொண்டே வசனம் சொன்ன தன் எஜமானைப் பற்றி 1845இல் எழுதினார். அந்த நூலின் முடிவில், கிறிஸ்துவின் மதம் வேறு, இந்த நாட்டு அடிமை எஜமானர்களின் மதம் வேறு என்று பிரித்துக் காட்டினார்.

ஹாவர்ட் தர்மன் என்ற கறுப்பினச் சிந்தனையாளரின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர். எழுத்தறியாதவர். பேரனைப் பைபிள் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஆனால் அன்பைப் பற்றிய ஓர் அதிகாரத்தைத் தவிர, பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். எஜமான் அனுப்பிய போதகர் எப்போதும் பவுலைத்தான் பிரசங்கித்தாராம். விடுதலை கிடைத்தால் இனி அந்தப் பகுதியைக் கேட்பதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார். 1807இல் லண்டனில் படித்தவர்கள் கத்தரி போட்டார்கள். இந்தப் பாட்டியும் போட்டார், எதிர்ப்பக்கத்திலிருந்து.

1935இல் இந்தத் தர்மன் இலங்கைக்கு வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும், அங்கிருந்த ஓர் இந்து அவரிடம் தனியாகக் கேட்டார்: உங்கள் முன்னோரை அடிமைகளாக்கியவர்கள் கிறித்தவர்கள். அடிமைக் கப்பல் ஒன்றின் பெயரே இயேசு. நீங்கள் எப்படி அந்த மதத்துக்காகப் பேசலாம்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் 1949இல் அவருடைய 'இயேசுவும் வஞ்சிக்கப்பட்டோரும்' என்ற நூல் வந்தது. ஒடுக்கப்பட்டவனாகப் பிறந்த இயேசுவிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் பதில்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்ற சமாதானத்தையும் நான் ஏற்பதில்லை. நான்காம் நூற்றாண்டிலேயே நீசாவின் கிரெகோரி என்ற ஆயர், கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவனுக்கு யார் விலை போட முடியும் என்ற கருத்தில் அடிமை முறையையே கண்டித்தார். அவரிடம் இருந்ததும் இதே புத்தகம்தான். அப்படி யோசிக்க அன்றும் முடிந்தது. பெரும்பாலோர் யோசிக்கவில்லை.

ஆகவே நண்பரே, என் பதில் இது. பைபிள் அடிமை முறையை அனுமதிக்கிறது. அதைக் குலைக்கும் விதையும் அதற்குள் இருக்கிறது. எந்த வசனத்தைக் கொண்டு எந்த வசனத்தை அளப்பது என்று முடிவு செய்பவர் வாசகர். அந்தப் பொறுப்பைப் புத்தகத்தின் தலையில் போட முடியாது. சாட்டையைப் பிடித்தவரும், அடி வாங்கியவரும் ஒரே பக்கத்தைத் திறந்தாலும் ஒன்றையே வாசிப்பதில்லை.

எங்கள் வீட்டில் வேலைக்கு ஓர் அக்கா இருந்தார். குடும்ப ஜெபத்தில் நாங்கள் பாயில் உட்கார்ந்திருப்போம், அவர் அடுக்களை வாசலில் நின்று கேட்பார். வேலைக்காரர் கீழ்ப்படிய வேண்டும் என்ற அந்த எபேசியர் பகுதியை, உச்சரிப்புப் பிசகாமல், நான்தான் பலமுறை வாசித்திருக்கிறேன். நன்றாக வாசித்ததாக அப்பா பாராட்டுவார். வாசலில் நின்றவருக்கு அது எப்படிக் கேட்டது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால் அவர் இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இந்த முறை நேரத்தைச் சாக்குச் சொல்லமாட்டேன்.