ஆசியா என்றால் எந்த ஆசியா?

நிந்தவூரிலோ சம்மாந்துறையிலோ பழைய வளவொன்றின் கடப்படியில் நின்று "ஆசியா உம்மா இரிக்காவா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் இருப்பார். அவ்வளவு பரவலான பேர். பிர்அவ்னின் மனைவியாக இருந்துகொண்டே மூஸா நபியை எடுத்து வளர்த்த பெண்மணியின் பேர் அது. அரபில் இன்னொரு ஆசியாவும் உண்டு. உமர் (ரழி) அவர்களின் மகள் ஒருவருக்கு அந்தப் பேர் இருந்ததாகவும், நபியவர்கள் அதை மாற்றி ஜமீலா என்று வைத்ததாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. முதல் ஆசியாவுக்கு அலிபும் ஸீனும். இரண்டாவதற்கு ஐனும் ஸாதும். கருத்து 'மாறு செய்கிறவள்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பேர்தான்.

பிள்ளைக்குப் பேர் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கருத்து அரபு எழுத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மின்ஹா என்ற பேரை எடுத்துக்கொள்வோம். அழுத்தி உச்சரிக்கும் ஹாவோடு எழுதினால் 'கொடை' என்ற நல்ல கருத்து. மெல்லிய ஹாவோடு எழுதினால் 'அதிலிருந்து' என்று வரும். அது பேரே இல்லை, வெறும் இடைச்சொல். தாஹா சூராவின் 55ஆவது வசனம் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. "குர்ஆனில் இருக்கிறது" என்ற ஒரே காரணத்துக்காகப் பேர் வைப்பவர்கள் சறுக்கும் இடமும் அதுதான். அலைனா என்பதும் குர்ஆனில் வரும் சொல்தான். அதற்கு 'எங்கள் மீது' என்று கருத்து.

ஹாரிஸ் என்பதிலும் இரண்டு பேர் ஒளிந்திருக்கின்றன. ஸீனில் முடிந்தால் காவல்காரர். நாக்கைப் பல்லிடையில் வைத்துச் சொல்லும் தாவில் முடிந்தால் உழுது பயிர் செய்கிறவர். பேர்களில் மிக உண்மையானவை ஹாரிதும் ஹம்மாமும் என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. வயலை நம்பி வாழும் எங்கள் பக்கத்துக்கு இரண்டாவது ஹாரிஸ் எவ்வளவு பொருத்தம்! ஆனால் அந்தக் கருத்தை நினைத்து வைத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இந்தச் சிக்கல் நம் முன்னோருக்கும் தெரியும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் என்ற முறையையே அவர்கள் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்து எழுத்தில் அதற்கான சில ஏற்பாடுகள் மிஞ்சியிருக்கின்றன. ரமழான், ரிழா என்று ழகரம் போடுவது ளாத் என்ற அரபு எழுத்துக்காக. கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமானின் பேரில் உள்ள ஆய்தம் ஐனுக்காக நிற்கிறது. அஷ்ரஃப் என்று எழுதும்போது அதே ஆய்தம் வேறு வேலை பார்க்கிறது. நுஃமான் என்பது இமாம் அபூஹனீபாவின் இயற்பேர். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கரையில் ஹனபி இமாமின் பேர் உலவுவதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை.

முஸ்லிம் பேர் என்றால் அரபுப் பேர் என்று எண்ணுவதும் முழுக்கச் சரியில்லை. யாஸ்மின், நஸ்ரின், பர்வீன், பானு எல்லாம் பாரசீகம். யாஸ்மின் நம் மல்லிகை. பர்வீன், வானத்தில் கொத்தாகத் தெரியும் கார்த்திகை மீன்கள். பேகம் துருக்கியிலிருந்து வந்தது. ஜின்னாஹ் என்ற பேரைக் கேட்டால் அரபு போலத் தோன்றும். அது 'மெலிந்தவர்' என்ற கருத்துள்ள குஜராத்திச் சொல்லிலிருந்து வந்தது. இதனால் எந்தப் பேரும் கெட்டுப்போவதில்லை. நபியவர்கள் மாற்றியது கருத்துக் கெட்ட பேர்களை. மொழியைப் பார்த்து மாற்றவில்லை.

புதுமையான பேர் வேண்டும் என்று சொல்பவர்களுக்கு என் சிபாரிசு, மூத்தவாப்பாமாரின் பேர்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்பது. ஆதம்பாவா என்ற பேரைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகள் உண்டு. 'தந்தை ஆதம்' என்பது அதன் கருத்து. சிவனொளிபாத மலையை நம்மவர்கள் பாவா ஆதம் மலை என்று அழைத்தது அதே சொல்லால்தான். மீராசாகிபு, சாகுல் ஹமீது என்ற பேர்கள் நாகூர் நாயகத்தை நினைத்து வைத்தவை. அவருடைய பேரில் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் வருடந்தோறும் கொடி ஏறுகிறது. உதுமாலெவ்வையில் உள்ள லெவ்வை, ஓதிக்கொடுப்பவரைச் சுட்டிய சொல். அலியார் என்பது அலியும் தமிழின் மரியாதை 'ஆர்' விகுதியும் சேர்ந்தது. இப்படி ஒரு பேர் அரபு நாட்டில் கிடைக்காது. இன்று வகுப்பில் நாலு ரிஸ்னாவும் மூன்று றிப்கானும் இருக்கையில் ஒரு மீரா வந்தால் அவள்தான் தனித்துத் தெரிவாள்.

இன்னொன்று முன்னெழுத்து. எம். எச். எம். அஷ்ரஃப் என்பது முஹம்மது ஹுசைன் முஹம்மது அஷ்ரஃப். வாப்பாவின் பேரும் பிள்ளையின் முஹம்மதுவும் எழுத்துகளாகச் சுருங்க, அழைக்கும் பேர் கடைசியில் நிற்கிறது. குடி உம்மாவின் வழி வருகிறது, வீடு மகளுக்குப் போகிறது, ஆனால் பேரில் ஏறுவது வாப்பா மட்டும். உம்மம்மாவின் பேரைப் பேத்திக்கு வைத்தால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

அப்துல் என்று மட்டும் கூப்பிடுவதை விட்டுவிடுங்கள். அது பாதிச் சொல். யாருடைய அடியார் என்பது இன்னும் வரவில்லை.

ஏழாம் நாள் அகீகாவோடு பேர் வைப்பது வழக்கம். தன் மகன் இப்றாஹீமுக்குப் பிறந்த இரவிலேயே நபியவர்கள் பேர் வைத்ததும் ஹதீஸில் உண்டு. ஆகவே அவசரமும் இல்லை, தடையும் இல்லை. அரசாங்கக் கணக்கு வேறு: பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், மூன்று மாதம் தாண்டினால் தாமதப் பதிவாகிவிடும். பதியப் போகுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் பேரை அரபு, தமிழ், ஆங்கிலம் என்ற மூன்று எழுத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். அரபை ஒரு மௌலவியிடம் காட்டி வேர்ச்சொல்லைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் பாத்திமாவின் 'டி'க்குப் பின்னால் 'எச்' வருமா வராதா என்பதை அன்றைக்கே முடிவுசெய்யுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது என்று போனால், கட்டாரில் ஒருவர் ஆங்கிலத்தைப் பார்த்து அரபில் எழுதும்போது 'கொடை' 'அதிலிருந்து' ஆகிவிடும். பதிவாளர் எழுதி நீட்டும் படிவத்தை அந்தத் துண்டோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.